வலது கண்ணில் ஒரு சாம்பல் வட்டம்

கோரிப்பாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். துணியை வெட்டுவதற்கு முன் இடது கண்ணை மூடிக்கொண்டு, சாக்பீஸ் கோடு நேராக இருக்கிறதா என்று வலது கண்ணால் பார்ப்பது என் வழக்கம்.

அன்று ஒரு கல்யாணச் சட்டை. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு நடுவில் வளைந்து தெரிந்தது. ஸ்கேலைச் சந்தேகப்பட்டு, கண்ணுக்கு நேராகத் தெரிந்த வழியில் வெட்டினேன்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி பாத்திமா துணியைத் தூக்கிப் பார்த்தாள். "என்னங்க, இம்புட்டுக் கோணலா வெட்டிருக்கீங்க?"

மறுபடி இடது கண்ணை மூடித் துணியைப் பார்த்தேன். அப்படியே அவளை நிமிர்ந்து பார்த்தேன். முக்காடு இருந்தது. கம்மல் இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் வட்டம். அதற்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

கண் டாக்டரம்மா ஸ்கேன் எடுத்து, விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருப்பதாகச் சொன்னார். பிறகு கேட்டார்: "வயித்துல எரிச்சல் இருக்காண்ணே?"

ஆமாம் என்றேன். தினமும் சோடா குடித்து அமுக்கி வைத்திருந்த எரிச்சல் அது. பாத்திமாவிடம்கூடச் சொன்னதில்லை.

"அந்த எரிச்சல உண்டாக்குற வயித்துக் கிருமிக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கலாம்னு ஒரு சந்தேகம் உண்டு. உறுதியாச் சொல்ல முடியாது. டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம்."

கிருமி இருந்தது. மாத்திரை சாப்பிட்டேன். வட்டம் மெல்ல வெளுத்து மறைந்தது. மாத்திரையாலா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இது தானாவும் சரியாகும்ணே" என்றார்.

இப்போது நெஞ்சு கரித்தால் சோடாவைத் தேடுவதில்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு பாத்திமாவைக் கூப்பிடுகிறேன். அவளும் ஏனென்று கேட்பதில்லை. நான் தலையாட்டும் வரை முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.