காலைக் கையும் மதியக் கையும்

மூட்டு நோய்ப் பிரிவுக்கு முதல் முறை வருகிறவர்கள் அந்த நர்ஸைப் பார்த்து மிரண்டுபோவார்கள். பெயரைக் கேட்கும் முன், சீட்டை வாங்கும் முன், வலது கையை நீட்டிக்கொண்டு ஒருத்தி எழுந்து வந்தால் யார்தான் மிரள மாட்டார்கள்?

"என்ன சிஸ்டர், எலெக்‌ஷன்ல நிக்கிறீங்களா?" என்று கேட்டவர்கள் உண்டு.

"ஓட்டெல்லாம் வேணாம், விரலை மட்டும் காட்டுங்க" என்பாள்.

அந்தக் கைகுலுக்கல் வெறும் மரியாதைக்கு இல்லை. எந்தக் கணு சுடுகிறது, எது வீங்கியிருக்கிறது, யார் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள் என்பதையெல்லாம் மூன்று நொடிக்குள் படித்துவிடுவாள். பதினெட்டு வருடமாக இதே பிரிவு. டாக்டரம்மாவால் ஒரு நோயாளிக்கு ஏழு நிமிடம்தான் ஒதுக்க முடியும். அந்த ஏழு நிமிடத்தில் சொல்லாமல் விழுங்கியதையெல்லாம் வெளியே வந்து இவளிடம்தான் கொட்டுவார்கள். வாரம் ஒரு முறை போட வேண்டிய மாத்திரையைத் தினமும் போடத் துணிந்தவரைத் தடுத்தது இவள்தான். ஊசியைக் கண்டாலே கண்ணை மூடுகிற பெண்ணுக்கு ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழக்கி, தன் வயிற்றில் தானே போட்டுக்கொள்ள வைத்தவளும் இவள்தான்.

வீட்டிலும் பழக்கம் போகவில்லை. பஸ் ஓட்டும் கணவர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் முன் கை நீட்டுவாள். "கல்யாணமாகி இருபது வருஷம் ஆச்சு. இன்னுமா நமக்குள்ள அறிமுகம் முடியல?" என்பார் அந்த அப்பாவி மனிதர்.

இப்படிப்பட்ட கைகாரியையே ஒருவர் ஏமாற்றினார். ஒரு முறையல்ல, மூன்று முறை!

அவர் ஒரு டெய்லர். வயது ஐம்பத்தெட்டு. நாற்பது வருடம் கத்தரி பிடித்த விரல்களில் முடக்குவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. எப்போதும் மதியம் மூன்று மணிக்குத்தான் வருவார். கை இதமாக இருக்கும், பிடியோ இரும்புப் பிடி. அவளும் நம்பி, "கைப்பிடி நன்று" என்று ஃபைலில் மூன்று முறை எழுதினாள். இரத்த அறிக்கையும் சமர்த்தாக இருந்தது. சிலருக்கு அது அப்படித்தான், வீட்டுக்குள் சண்டை நடந்தாலும் வாசலில் நின்று சிரிக்கும்.

"அப்புறம் என்ன? அடுத்த வாரத்திலேருந்து மருந்தைப் பாதியாக் குறைச்சிடலாம்" என்றார் டாக்டரம்மா.

டெய்லர் சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் இரத்தம் எடுக்க அவர் முழுக்கைச் சட்டையை அவளே மடித்துவிடப் போனாள். 'டிச்' என்று ஒரு சத்தம். பட்டன் போட்டது போட்டபடி இருக்க, சட்டைக் கை மட்டும் திறந்துகொண்டது! குனிந்து பார்த்தாள். மேலே அழகுக்கு ஒரு பட்டன், அடியில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் டிச் பட்டன். நெஞ்சுப் பக்கமும் அதே கதை, ஆறு பட்டனும் பொய்.

"என்ன மாஸ்டர் இது, புது ஃபேஷனா?"

"ஆமா சிஸ்டர். இப்ப எல்லாரும் இப்படித்தான் கேக்கிறாங்க."

அவர் அவசரமாக எழுந்ததில் மடியிலிருந்த பை சரிந்தது. உள்ளேயிருந்து ஒரு ரப்பர் வெந்நீர்ப் பை எட்டிப் பார்த்தது. தொட்டாள். இன்னும் சூடு ஆறவில்லை.

"வயித்து வலி" என்றார் டெய்லர்.

"வயித்து வலிக்குக் கை ஏன் சுடுது?"

டெய்லர் பையை அள்ளிக்கொண்டார். அடுத்த நொடி ஆள் இல்லை!

ஐயோ, அன்று அவள் பட்ட பாடு! அந்த மூன்று வரியை எழுதியது தன் கைதானே? அதை நம்பி மருந்தைக் குறைத்துவிட்டால், அந்த விரல்கள் வளைந்து, பிறகு எந்த மருந்துக்கும் நிமிராமல் போய்விடுமே? நேரே டாக்டரம்மாவிடம் போய், "நான் எழுதினதுல தப்பு இருக்கு டாக்டர், மருந்தைக் குறைக்காதீங்க" என்றாள்.

"குறைக்கல. ஆனா சந்தேகத்தை வெச்சு மருந்தை ஏத்தவும் முடியாது சிஸ்டர். உள்ளதை அவரே சொல்லணும்."

சொல்ல வைப்பது எப்படி? மிரட்டினால் மனிதர் இந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார். மறுநாள் போன் செய்தாள்.

"மாஸ்டர், என் கோட்டுல பட்டன் அறுந்துபோச்சு. புதன்கிழமை காலைல எட்டு மணிக்கு ஊசி நூலோட வந்துடுங்க."

"மதியம் வரட்டுமா சிஸ்டர்?"

"அதுவரைக்கும் நான் பட்டன் இல்லாம நிக்கணுமா? முடியாதுன்னா சொல்லுங்க, எதிர்க்கடைல குடுத்துக்கிறேன்."

எதிர்க்கடை! எந்த டெய்லருக்குத்தான் அந்தச் சொல் பொறுக்கும்? எட்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். பட்டன் தானாக அறுந்ததா, இல்லை ஒருத்தி சிறு கத்தரியால் அறுத்தாளா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம்.

"கை குடுங்க மாஸ்டர்."

"சளி பிடிச்சிருக்கு சிஸ்டர், ஒட்டிக்கும்" என்று கையைப் பாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டார்.

கோட்டை அவர் மடியில் வைத்தாள். ஊசி வெளியே வந்தது. நூல் ஒரு பக்கம் போனது, ஊசி ஒரு பக்கம் போனது.

"வெளிச்சம் பத்தல." விளக்கைப் போட்டாள்.

"நூல் பிரியுது." நுனியை வெட்டிக் கொடுத்தாள்.

"இந்த நாற்காலி ஆடுது சிஸ்டர்."

"அடுத்து என்ன, கூடம் கோணல்னு சொல்லப் போறீங்களா?"

டெய்லர் 'களுக்'கென்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு பாதி வழியில் உடைந்தது. ஊசி கைநழுவித் தரையில் விழுந்தது. அவர் குனியவில்லை. எடுக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

"சொன்னா கத்தரியைக் கீழ வைன்னுடுவாங்க சிஸ்டர். நாலு மாசத்துல என் பொண்ணுக்குக் கல்யாணம். அவ கல்யாண உடுப்பை நான்தான் தைப்பேன்னு அவ தொட்டில்ல கிடந்தப்பவே வாக்குக் குடுத்துட்டேன். காலைல விரல் மரக்கட்டை மாதிரி இருக்கு. மதியம் ஆனா கொஞ்சம் இளகுது. வெந்நீர்ப் பையைப் பிடிச்சுக்குவேன், கடைல வாங்கின வலி மாத்திரை ரெண்டு போட்டுக்குவேன், அப்புறம்தான் இங்க வருவேன்."

"கத்தரியைக் கீழ வைன்னு யார் சொன்னாங்க? நீங்க இப்படியே மறைச்சா அது தன்னால கீழ விழும். அப்ப உங்க பொண்ணு உடுப்பை எதிர்க்கடைக்காரர்தான் தைப்பாரு."

"அவனா? அவனுக்குக் கழுத்து வெட்டவே தெரியாதே!"

"அப்ப கையை வெளிய எடுங்க."

எடுத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கணுக்கள் கொழுக்கட்டையாகப் புடைத்திருந்தன, மடங்க மறுத்தன. பிடியில் ஒரு குழந்தையின் பலம்கூட இல்லை.

"வணக்கம் மாஸ்டர்" என்றாள். "இத்தனை நாளா வேற யாரோ ஒருத்தர்தான் வந்துட்டிருந்தாரு. உங்களை இன்னைக்குத்தான் பாக்கிறேன்."

டாக்டரம்மாவிடம் டெய்லரே எல்லாவற்றையும் சொன்னார். மருந்து கூடியது, வாரம் ஒரு ஊசியும் சேர்ந்தது. அதை எப்படிப் போட்டுக்கொள்வது என்று அவளே கற்றுக்கொடுத்தாள். அவருக்கு ஆரஞ்சுப் பழம் தேவைப்படவில்லை, ஊசி அவருக்குப் பழைய உறவுதானே? கத்தரியின் பிடிக்குத் தடிமனாகப் பஞ்சுத்துணி சுற்ற வைத்தாள். கடை வலி மாத்திரையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் காலை எட்டு மணிக்கு அவர் வீட்டில் போன் அடிக்கும்.

"காலைக் கை எப்படி இருக்கு?"

முதல் மாதம் முழுக்கத் திட்டினார். இரண்டாம் மாதம் பாதிதான் திட்டினார். மூன்றாம் மாதம் ஒருநாள், "உடுப்பை வெட்டிட்டேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வேறொன்றும் பேசாமல் வைத்துவிட்டார்.

அடுத்த புதன்கிழமை அவள் போனை எடுக்கும் முன், வாசலில் ஆளே வந்து நின்றார். மணி சரியாக எட்டு. பையில் வெந்நீர்ப் பை இல்லை. அவரே கை நீட்டினார். அவர் பிடித்த பிடியில் அவள்தான் "ஆ!" என்றாள்.

அப்புறம்தான் சட்டையைப் பார்த்தாள். ஆறும் நிஜப் பட்டன். ஆனால் முதல் பட்டன் இரண்டாம் ஓட்டையில் இருந்தது, கடைசிவரை அத்தனையும் ஒன்று தள்ளி. ஊருக்கே சட்டை தைக்கிறவரின் சட்டை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கித் தொங்கியது.

பொங்கி வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, சரிசெய்யக் கையைக் கொண்டுபோனாள்.

"தொடாதீங்க சிஸ்டர்! காலைல நானே போட்டது" என்று ஒரு அடி பின்னால் போனார் டெய்லர். "தப்புன்னா திரும்பவும் நானே போட்டுக்குவேன்."

கழற்றி, முதலிலிருந்து ஆரம்பித்தார். வரிசையில் பதினோரு பேர் காத்திருந்தார்கள். அடுத்தவரைக் கூப்பிட அவளுக்கு மனம் வரவில்லை. ஆறாவது பட்டன் ஓட்டைக்குள் நுழையும்வரை நின்று பார்த்தாள்.