கட்டியவளின் சாட்சி

அந்த மனநல ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நோயாளியின் கையைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டுவது எப்படி என்றுதான் தலைமை நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பழைய வேட்டியை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து வைத்திருந்தார்கள். மணிக்கட்டில் இரண்டு சுற்று, கம்பியில் ஒரு சுற்று, அடியில் முடிச்சு. இன்னொரு கைக்கு எட்டாத இடத்தில் முடிச்சு விழ வேண்டும். ஒரே தடவையில் போட்டுக் காட்டினேன். "தறிக்காரப் பொம்பளைங்க கையே தனிதான்" என்று சிஸ்டர் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனாலும் பெருமையாகத்தான் இருந்தது.

குமாரபாளையத்தில் பதினைந்து வருஷம் விசைத்தறி ஓட்டியவள் நான். அந்தச் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிவிட்டது. முதலாளி தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டதும், பக்கத்து வீட்டுக்காரி சொல்லி அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெடுஞ்சாலையை ஒட்டி, சோளக்காட்டுக்கு நடுவே மூன்று மாடிக் கட்டடம். டாக்டர் சேலத்திலிருந்து புதன்கிழமை மட்டும் வருவார். மற்ற ஆறு நாளும் சிஸ்டர், மேனேஜர், நாங்கள் நாலு ஆயாக்கள். அவ்வளவுதான் ஆஸ்பத்திரி.

அந்தப் பெண்ணை எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து அவளுடைய அண்ணன் காரில் கூட்டிவந்து சேர்த்தார். தோட்டமும் மாடுகளும் உள்ள குடும்பம். புருஷன் இறந்தபின் அண்ணன் வீட்டோடு இருந்தவள். கிட்டத்தட்ட என் வயது. வரும்போது அவளுக்கு நோய் இருந்தது நிஜம். பத்து நாளாகத் தூக்கம் கிடையாது, ஓயாத பேச்சு, மாடுகளை எல்லாம் அவிழ்த்து ஓட்டிக்கொண்டு ரோட்டில் நடந்திருக்கிறாள். மூன்று வாரத்தில் தெளிந்துவிட்டாள். தெளிந்ததுதான் வினையாகப் போயிற்று.

"இது என்ன மாத்திரைங்க? எதுக்குக் குடுக்கறீங்க? பேரை ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க" என்று கேட்க ஆரம்பித்தாள். ஒரு மாத்திரையைப் போட்டால் நாக்கு தடித்துப்போய் எச்சில் ஒழுகுகிறது, டாக்டரைக் கேட்காமல் இனிமேல் அதைப் போடமாட்டேன் என்றாள். அன்று வெள்ளிக்கிழமை. டாக்டர் வர ஐந்து நாள் இருந்தது. சிஸ்டர் மாத்திரையை அவள் வாயில் திணிக்கப் பார்த்தார், அவள் தட்டிவிட்டாள். அது உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. "கட்டு இவளை" என்றார் சிஸ்டர். கட்டினேன். வலது கையை இன்னும் இறுக்கச் சொன்னார். இறுக்கினேன்.

மத்தியானம் சோறு ஊட்டப் போனபோது அவள் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, விரலெல்லாம் மரத்துப் போச்சுங்க. கொஞ்சம் தளத்தி உடுங்க."

"சிஸ்டரைக் கேட்டுட்டு வாரேன் சாமி" என்று போனேன்.

சிஸ்டரைக் கேட்கவும் செய்தேன். "திமிரு அடங்கட்டும்" என்றார். அந்தப் பதிலை அவளிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வரிசைப் பக்கமே போகாமல் துணி மடித்தேன். "அக்கா, அக்கா" என்று கூப்பிடுவது கேட்டது. எனக்குக் கேட்கும் காது அந்தப் பக்கம்தான் இருந்தது. ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனால், நான் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது. கை வீங்கி, துணி சதைக்குள் புதைந்து, விரல்கள் கருநீலமாகியிருந்தன. முடிச்சை அவிழ்க்க முடியவில்லை, கத்தரிக்கோலால் வெட்டினேன். கை மணிக்கட்டிலிருந்து துவண்டு தொங்கியது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

புதன்கிழமை டாக்டர் வருவதற்கு முன்னால் சிஸ்டர் ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்து நீட்டினார். 'டாக்டர் உத்தரவின்படி இரண்டு மணி நேரம் கட்டப்பட்டது. அரை மணிக்கு ஒருமுறை தளர்த்தப்பட்டது' என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன். அந்த மாதக் கடைசியில் அண்ணன் வந்து அவளைக் கூட்டிப்போனார். கையில் என்ன என்று அவர் கேட்டதற்கு, "தூக்கத்துல கட்டில்ல இடிச்சுக்கிட்டாங்க" என்று மேனேஜர் சொன்னார். நான் பக்கத்தில் அவளுடைய துணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு வக்கீலம்மா என் வீட்டைத் தேடி வந்தார். சின்ன வயசு. நாமக்கல் கோர்ட்டு வளாகத்தில் இலவச சட்ட உதவி கொடுக்கும் இடத்திலிருந்து வருவதாகச் சொன்னார். நாமக்கல் அரசு ஆஸ்பத்திரியில் கையைப் பார்த்த டாக்டர், நரம்பு செத்துப்போய்விட்டது, இது இடித்துக்கொண்டதால் வந்தது இல்லை, கட்டினதால் வந்தது என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். அவள் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் பஸ் ஏறிப் போய் அந்தச் சட்ட உதவி இடத்தில் மனு கொடுத்திருக்கிறாள்.

பக்கத்துத் தறிகளின் சத்தத்துக்கு மேல் வக்கீலம்மா கத்திப் பேச வேண்டியிருந்தது. "வேற வழியே இல்லைன்னா மட்டும்தான் நோயாளியைக் கட்டலாம். அதுக்கும் டாக்டர் உத்தரவு வேணும். தண்டனையாக் கட்டவே கூடாது. சட்டம் இருக்குது. உங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களா?"

"முடிச்சு போட மட்டும்தாங்க சொல்லிக் குடுத்தாங்க."

"அதையே வந்து சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று கதவைச் சாத்திவிட்டேன்.

அடுத்த வாரம் மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அங்கே ஆயாக்கள் உட்கார்ந்ததே இல்லை. ஒரு பேப்பரைத் தள்ளினார். "நோட்டீஸ் வந்திருக்குதுங்கக்கா. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு ஒரு மாசம் லீவுல இருங்க. எல்லாம் சரியாயிரும்." படித்துப் பார்த்தேன். ஆயா யாருடைய உத்தரவும் இல்லாமல் தன் இஷ்டத்துக்கு நோயாளியைக் கட்டினாள், நிர்வாகத்துக்குத் தெரியாது என்று இருந்தது.

அப்போது என் மனசாட்சி விழித்துக்கொண்டது என்று எழுத ஆசைதான். மாட்டிவிடுகிறார்களே என்று பயந்தேன், அவ்வளவுதான். எட்டு மாதம் அவள் கைக்காக வராத கோபம், என் பேருக்காக அந்த ஒரு நிமிஷத்தில் வந்தது. பேப்பரை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நாமக்கல் பஸ் ஏறினேன்.

வக்கீலம்மா பேப்பரை இரண்டு தடவை படித்தார். "நீங்க சாட்சி சொன்னா உங்க மேலயும் கேஸ் வரும். நான் அவங்க வக்கீல், உங்க வக்கீல் இல்ல. தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க" என்றார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அன்பாகப் பேசவில்லை. அது எனக்குச் சரியென்றே பட்டது.

மனநலப் புகார்களை விசாரிக்கும் வாரியம் சேலத்தில் ஓர் அரசு அலுவலகத்தின் மாடியில் கூடியது. நீளமான மேசை, தலைமையில் ஒரு நீதிபதி, பக்கத்தில் டாக்டர்கள். அந்தப் பெண் சேலைத் தலைப்புக்குள் வலது கையை மறைத்துக்கொண்டு வந்திருந்தாள். அண்ணன் வெளியே வராந்தாவில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வக்கீல் அவளை முதலில் கேட்டார். "கட்டினது என்ன கிழமைம்மா?"

"தெரியலீங்க."

"எத்தனை மணிக்கு?"

"கட்டினப்புறம் ஊசி போட்டிருந்தாங்க. மணியெல்லாம் நெனப்பு இல்லீங்க."

"நெனப்பு இல்லை. ஆனா நாள் முழுக்கக் கட்டியிருந்தாங்கன்னு மட்டும் நெனப்பு இருக்குது" என்று அவர் மேசைக்குப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"வெள்ளிக்கிழமைங்க. காலையில பத்து மணி" என்று பின்னாலிருந்து சொல்லிவிட்டேன். கூப்பிடும்போது பேசினால் போதும் என்று நீதிபதி என்னை அதட்டினார்.

என் முறை வந்ததும் அந்த வக்கீல் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"இதுல இருக்கிறது உண்மையா?"

"பொய்ங்க."

"அன்னிக்குப் பொய்யில கையெழுத்துப் போட்டவங்க, இன்னிக்கு மட்டும் எப்படிங்க உண்மை சொல்வீங்க?"

மேனேஜர் நீட்டிய பேப்பரை வக்கீலம்மா எடுத்து வைத்தார். உத்தரவுப்படி கட்டியதாகப் பதிவேடு சொல்கிறது, உத்தரவே இல்லை என்று இந்தப் பேப்பர் சொல்கிறது, இரண்டும் ஆஸ்பத்திரியே எழுதியது என்றார். வாரியத்தில் இருந்த ஒரு டாக்டர் இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த அறையில் முதல் தடவையாக வாரியத்தார் முகம் மாறியதை அப்போதுதான் கண்டேன்.

இடைவேளையில் வராந்தாவில் அவளிடம் போனேன். "என்னை மன்னிச்சுருங்க" என்றேன்.

"நீங்க இப்ப வந்து சொல்லி என்னுங்க ஆகப்போவுது?" என்றாள். "அன்னிக்கு எத்தனை தடவை அக்கா அக்கான்னு கூப்பிட்டேன். நீங்க அங்கதான் துணி மடிச்சுக்கிட்டு இருந்தீங்க. எனக்குத் தெரிஞ்சுது." முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தவறு நடந்தது உண்மை என்று வாரியம் எழுதியது. சிஸ்டரைப் பெண்கள் வார்டிலிருந்து எடுக்க வேண்டும், மூன்று மாதம் புது நோயாளிகளைச் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. சிஸ்டர் ஆண்கள் வார்டுக்குப் போனார். மூன்று மாதத்தில் கட்டடத்துக்குப் புதுசாக வெள்ளையடித்தார்கள். நாலாவது மாதம் கட்டில்கள் நிரம்பிவிட்டன.

போலீஸ் கேஸ் தனியாக நடந்தது. அதில்தான் தண்டனை வாங்கித்தர முடியும் என்று வக்கீலம்மா நம்பியிருந்தார். அதற்குள் அண்ணன் மகளுக்கு வரன் வந்தது. "பொண்ணு பாக்க வாராங்க. பைத்தியக்காரங்க ஊடுன்னு பேரு வந்துருச்சுன்னா எம்புள்ள கதி என்னுங்க?" என்று வக்கீலம்மாவிடம் அவர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். கடைசியில், அன்றைக்கு நடந்தது எதுவும் தனக்கு ஞாபகம் இல்லை என்று அந்தப் பெண் எழுதிக்கொடுத்தாள். இடது கையால் கையெழுத்துப் போட்டாள். வக்கீலம்மாதான் போனில் இதை என்னிடம் சொன்னார். கேஸ் நின்றுபோனது. சிஸ்டரும் மேனேஜரும் தப்பினார்கள். அதே கேஸில் பேர் இருந்த நானும் தப்பினேன். அவளுடைய இடது கை என்னையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டது.

அவள் இப்போதும் நாமக்கல்லுக்குப் போய் மாத்திரை வாங்குகிறாளாம். டாக்டர் அறைக்குள் போனால் கதவைச் சாத்த விடுவதில்லையாம். வலது கை அப்படியேதான் இருக்கிறதாம்.

வேலை போனபின் பல இடங்களில் கேட்டுப் பார்த்தேன். சாட்சி சொன்னவள் என்று தெரிந்ததும் எந்த ஆஸ்பத்திரியிலும் சேர்க்கவில்லை. போன மாதம் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். மனநல இல்லம் ஒன்று புதிதாக ஆரம்பிக்கிறாராம், ஆள் வேண்டுமாம். "என்னைப் பத்தி விசாரிச்சீங்களா?" என்று கேட்டேன். "எல்லாம் தெரியுமுங்க. கட்டற வேலையில உங்களுக்கு அனுபவம் இருக்குதில்லீங்க" என்றார். அந்த இல்லத்தின் பேரும் ஊரும் கேட்டு எழுதிக்கொண்டேன். மறுநாள் காலை வக்கீலம்மாவுக்குப் போன் போட்டு, எழுதியதைப் படித்துக் காட்டினேன்.