ஹேண்டில் பாரின் நடுக்கமும் இருபது ஏலக்காய்களும்

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். பால் வாங்கி வந்தேன். பைக்கை வாசலில் இறக்கி, டேங்கை ஈரத்துணியாலும் இரண்டு கண்ணாடிகளை உலர்ந்த துணியாலும் துடைத்தேன். ஐந்தே முக்காலுக்கு டீ. ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேசையின் முன் கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் மனைவி ஒரு தட்டை நகர்த்தி வைத்தாள். அதில் இருபது ஏலக்காய்கள். பத்து, அரிசி திரண்டவை. பத்து, உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு. பொக்குகளின் காம்பருகே சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒவ்வொன்றாக வைத்து அழுத்தினேன். திரண்ட காய் விரலை எதிர்த்து நிற்கும். பொக்கு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இரண்டு குவியலாகப் பிரித்துவிட்டுக் கண்ணைத் திறந்தேன். இருபதும் சரி.

"ஏங்க, வீட்டுல உக்காந்து பாஸாயி என்ன? மலைக்கு மேல போயில்ல பாஸாகணும்" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். என் வேலை மலைக்கு மேல்தான். போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரிக்காக, மலையுச்சியில் இருக்கும் மெட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள சிறு தோட்டங்களுக்குப் போய், உலர்த்திய காயைப் பார்த்துத் தரம் சொல்கிறேன். நிறத்தைக் கண் பார்த்துக்கொள்ளும். பருமனைச் சல்லடை சொல்லிவிடும். காய் நிறைந்திருக்கிறதா என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். ஆகஸ்டிலிருந்து, மலையேறி இறங்கும் நேரத்தில் என் விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஹேண்டில் பார் வண்டு அடைத்த பெட்டிபோல இரைந்துகொண்டே வந்தது. வண்டியை நிறுத்திய பிறகும் அந்த இரைச்சல் உள்ளங்கைக்குள் நெடுநேரம் ஓடியது.

போன வியாழக்கிழமை நல்ல மழை. ராசிங்காபுரத்துக்காரப் பெண் ஒருவர் மெட்டில் சிறு தோட்டம் வைத்துத் தனியாகப் பார்த்து வருகிறார். அவருடைய மூட்டையில் கைவிட்டு அள்ளி அழுத்திப் பார்த்தேன். எல்லாக் காயும் ஒன்றுபோல விட்டுக்கொடுப்பதாகத் தோன்றியது. பொக்கு அதிகம் என்று சொல்லி, இரண்டாந்தரம் என்று அட்டை கட்டினேன். அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். "நீங்க சொன்னாச் சரிண்ணே" என்றார். அன்று மாலை வீட்டில் சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியாமல் நின்றபோதுதான், அந்த மூட்டையைப் பார்த்தது இந்த விரல்கள் என்பது உறைத்தது.

மூட்டை ஜீப்பில் இறங்கி, போடியில் நாங்கள் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் கிடந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டாந்தரக் காய் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலப்பார்கள். அதற்குப் பிறகு அவருடைய காய் எது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு முன்னால், ஓய்வெடுத்த கையோடு போய் நான் பிரித்துப் பார்த்திருக்கலாம். போகவில்லை. என் கை இனிமேல் தேறுமா என்று தெரியாமல், அது தவறு செய்தது என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதற்குப் பதிலாகத் தடித்த பஞ்சுக் கைப்பிடியும், மெத்தை வைத்த கையுறையும், ஹேண்டில் முனையில் மாட்டும் இரும்புக் குண்டுகளும் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை நானே மாட்டினேன். திங்கட்கிழமை மெட்டில் வைத்துச் சோதித்தபோது இருபதில் பன்னிரண்டுதான் சரி.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு மெக்கானிக்கிடம் போனேன். என்னோடு பத்தாம் வகுப்புவரை படித்தவர். பைக்கைச் சுற்றி வந்தார்.

"என்ன மாப்ளே, வண்டிக்கு மாவுக்கட்டா போட்டுருக்க?"

"நடுக்கம் கொறையும்னு போட்டேன்."

"கொறஞ்சுச்சா?"

"கூடிருச்சு."

"கூடத்தான் செய்யும். பிடி பெருத்தா விரலு இறுக்கும். இறுக்குனா அம்புட்டு நடுக்கமும் கைக்குத்தான் ஏறும். வெரசாக் கழட்டு அத."

இன்ஜினை ஓடவிட்டு, டேங்கின் மேலும் ஹேண்டிலிலும் கால் வைக்கும் கம்பியிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு நிறுத்திவிட்டு இன்ஜினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கீழ் போல்டில் ஸ்பேனரை வைத்தார். முக்கால் சுற்று எளிதாக இறுகியது.

"இது இங்க ஆடிக்கிட்டு கெடக்கு, நீ அங்க மெத்தை வாங்கிப் போட்டுருக்க."

ஹேண்டிலைத் தாங்கும் ரப்பர் வளையங்களைக் கழற்றினார். ஒரு பக்கம் நசுங்கிக் கல்லாகியிருந்தன. புதியவற்றைப் போட்டு, செயினை அளவாக இழுத்து, மெல்லிய சாதாரணக் கைப்பிடியை ஏற்றினார். நான் வாங்கியவற்றில் இரும்புக் குண்டுகளை மட்டும் திரும்ப மாட்டினார். ஒவ்வொன்றாக மாற்றி ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்தால் எது பலித்தது என்று குறித்துக்கொள்ளலாமே என்றேன்.

"நீ நாலு தடவ மலையேறி எறங்குறவரைக்கும் எனக்கு வேற சோலி இல்லையா? கோழிக்குஞ்சப் பிடிக்கிற மாதிரி பிடிச்சு ஓட்டு. போ."

பத்து இருபதுக்குக் கிளம்பினேன். அடிவாரத்து ஊரான முந்தலைத் தாண்டி ஏற்றம் தொடங்கியபோது வழக்கமான இரைச்சலுக்காகக் கை தானாக இறுகியது. இரைச்சல் வரவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மேகம் சாலைக்கு இறங்கி வந்தது. அதற்குள் நுழைந்த பிறகு ஏறுகிறேனா, மலைதான் என்னைக் கடந்து இறங்குகிறதா என்று சொல்ல முடியவில்லை. நீர்த்துளிகள் விரல்முட்டிகளில் வந்து விழுந்தன. ஒவ்வொரு துளியும் எந்த விரலில் விழுந்தது என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு மாதமாக மழை என் கையில் மொத்தமாகத்தான் பெய்திருந்தது. வளைவுகளை எப்போதும் எண்ணிக்கொண்டு ஏறுபவன் அன்று எண்ணிக்கையை எங்கோ விட்டுவிட்டேன்.

ஒரு வளைவில் மேகம் விலகியது. வலது கண்ணாடியில் போடி தெரிந்தது. எத்தனையோ வருடங்களாக அந்தக் கண்ணாடியில் ஊர் அதிர்ந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. கோடுகள் இரண்டு மூன்றாகி, கூரைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி. இப்போது தெருக்கள், தென்னைகள், தூரத்துக் கண்மாயின் வெள்ளித் தகடு எல்லாம் கிணற்றுக்குள் பார்ப்பதுபோல அசையாமல் கிடந்தன. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் யாரும் எங்கும் போகவில்லை. என் வீட்டு மாடியைக்கூட அதில் தேடினேன். மறுபடி வெண்மை வந்து மூடியது.

மெட்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மனைவி கட்டிக்கொடுத்த ஏலக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்தேன். கண்ணை மூடி அழுத்தத் தொடங்கினேன்.

"என்ன சாரே, டீக்கு முன்னாடி தியானமா?" என்றார் கடைக்காரர்.

பத்தொன்பது சரி. தவறிய ஒன்றைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பாதி திரண்ட காய். அதில் மரக்காத விரலும் தடுமாறக்கூடும்.

சந்தோஷம் ஒரு டீ நேரம்வரை இருந்தது. இறங்கும்போது கை லேசாகவும் நெஞ்சு கனமாகவும் இருந்தன. நோய் வண்டியில்தான், கையில் இல்லை. நல்லது. அப்படியானால் வியாழக்கிழமை அந்த மூட்டையைப் பார்த்தது என் கையே இல்லை. அதை அவரிடம் சொல்வதை இனி எதைக் காட்டித் தள்ளிப்போட முடியும்?

ஐந்து மணிக்கு வீட்டில் நடந்ததையெல்லாம் சொன்னேன். மனைவி காய்களைத் தட்டில் கொட்டிப் புள்ளிகளைச் சரிபார்த்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கொட்டிருவாகல்ல?"

"ஆமா."

"மொதலாளிகிட்டச் சொல்லப் போறீகளா?"

"மொதல்ல அவங்ககிட்ட. மூட்டை அவங்களோடது."

"மூட்டையப் பிரிச்சுப் பாத்துட்டுச் சொன்னா என்ன?"

"பாத்து, நான் போட்ட தரமே சரின்னு வந்துட்டா, சொல்லாம இருக்க ஒரு வழி கெடச்சிரும்" என்றேன். அவள் என் வலது கையை எடுத்து மேசைமேல் விரித்து வைத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 15, புதன்கிழமை. நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். முகம் கழுவியதும் முதல் வேலையாக மெட்டில் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவர் காய் உலர்த்தும் அறையில் விறகு தள்ளிக்கொண்டிருந்தார். அடுப்பின் சத்தம் கேட்டது.

"தங்கச்சி, வியாழக்கிழம உங்க மூட்டைய நான் தப்பாப் பாத்துருக்கேன்னு நெனைக்கிறேன். அன்னைக்கி எனக்கு விரலு மரத்துப் போயிருந்துச்சு."

"அன்னைக்கே தெரியும்ணே. ரெண்டு தடவ காயக் கீழ போட்டீக. மழையில நனஞ்சு வந்தவுககிட்ட என்னத்தச் சொல்ல?"

"பத்து மணிக்கு முன்னாடி கிட்டங்கிக்கு வந்துருங்க. உங்க முன்னாலயே பிரிச்சுப் பாக்குறேன்."

"மொத ஜீப்புல வர்றேன்." இன்னொரு விறகு அடுப்பில் விழும் சத்தம் கேட்டது. "நானும் நசுக்கிப் பாப்பேன்ல?"

"பாருங்க" என்றேன்.