ஈரமான ஓரம்

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கேரல் எதையும் கூட்டிச் சொல்கிறவள் அல்ல. முதலில் தன்னைத்தான் சந்தேகப்படுவாள். ரிச்சர்ட்ஸ் டவுனில் அவளுக்கு இது நடந்தது.

பள்ளியில் கன்னடம் படித்தவள், இப்போது மாலை வகுப்பில் தமிழ் கற்றாள். சமீபத்தில் படித்த மூன்று நாவல்களைப் பற்றி அன்று பேச வேண்டும். ஏற்கெனவே பயந்து நழுவியிருந்தாள். இன்றும் பேசாவிட்டால் சான்றிதழ் கிடையாது.

முதல் இரண்டும் பழைய புத்தகங்கள். சர்ச் விற்பனையில் குளோரியா ஆன்ட்டியிடம் வாங்கியவை. தாள் ஓரமெல்லாம் பழுப்பேறி விறைத்திருந்தது. யாரோ எச்சில் தொட்டுத் திருப்பிய கறை! முதல் நாவலில் மாமியார் அழும் இடம் மிகை என்று டைரியில் குறித்தாள். அங்கே கறை குறைவு. இரண்டாவதில் கல்யாண விருந்து அபாரம். அங்கே கறை ஒரு விரலைவிட அகலம். பிரியாணியை யாரோ தாளிலேயே ருசி பார்த்ததுபோல...

மூன்றாவது புதியது. பிளாஸ்டிக் உறையை அவளே கிழித்தாள்.

மாலை ஐந்தரை. ஜன்னலில் வெயில் இருந்தது. கடைசி அத்தியாயத்துக்கு வந்திருந்தாள்.

ஓரம் ஈரமாக இருந்தது.

நானா? விரலை முகர்ந்தாள். சோப்பு வாசனை. பென்சில் முனையால் பக்கத்தைத் திருப்பினாள். அதுவும் ஈரம். அவள் இன்னும் படிக்காத பக்கம்... புளித்த பால் நாற்றம்.

ச்ளப்...

மிக அருகில்.

தாளை அழுத்தியிருந்த கட்டைவிரலில் ஏதோ ஊர்ந்தது. வெதுவெதுப்பாக... சொரசொரப்பாக.

புத்தகத்தை உதறினாள்.

தரையில் பக்கம் புரண்டது.

ச்ளப்.

பழைய இரண்டையும் அள்ளிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடினாள்.

"ஏம்மா, புக்கு பிடிக்கலியா?" என்றார் குளோரியா ஆன்ட்டி.

"யாரோடது ஆன்ட்டி இது?"

"எங்க அண்ணன் ஹெர்பர்ட்டோடது. கிறிஸ்துமஸுக்கு முன்னால தவறிட்டாரு. புது நாவல் ஒண்ணு வாங்கித் தான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான்தான் நாளைக்கு, நாளைக்குன்னு..."

"எச்சில் தொட்டுத்தான் திருப்புவாரா?"

"தொடுறதுக்குக் கை எங்கம்மா வந்துச்சு? ஸ்ட்ரோக்ல ரெண்டும் விழுந்துபோச்சு. மூஞ்சிக்கு நேரா புக்க நிறுத்திடுவோம். நாக்காலதான் தள்ளித் தள்ளித் திருப்புவாரு."

கேரல் அன்று வகுப்புக்குப் போகவில்லை. ஆன்ட்டி வீட்டுக் குழாயிலேயே கட்டைவிரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

வீடு திரும்பியபோது நாவல் தரையில் கிடந்தது. கடைசிப் பக்கம் திறந்திருந்தது.

ஓரம் காயவில்லை.