கண்ணாடிக் கதவுக்கு வெளியே சப்பாத்துகள்

ஒஸ்லோவின் ஓரத்தில், அம்மருட்டில் எங்கள் மாடியில் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று அறிய நான் மணி அடிப்பதில்லை. கதவடியில் கிடக்கும் சப்பாத்தைப் பார்ப்பேன். கட்டட நிர்வாகம் இதற்கென்றே அறிவித்தல் ஒட்டும்: நெருப்புப் பிடித்தால் ஓட வழி வேண்டும், நடைபாதையில் பாதணிகளை வைக்காதீர்கள். ஒட்டிய அன்று எல்லோரும் நல்ல பிள்ளைகளாக உள்ளே எடுத்து வைப்போம். ஒரு கிழமை போனால் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிடும். என் கணவரின் பனிச் சப்பாத்து வெளியே கிடந்தால் அவர் உள்ளே தொலைக்காட்சிக்கு முன்னால் நித்திரை. கிடக்காவிட்டால் இன்னும் வேலை முடியவில்லை. இவ்வளவுதான் கணக்கு. இந்தக் கணக்கால் எனக்கு ஒரு குளிர்காலம் முழுதும் பாழாய்ப் போனது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நான் ஒஸ்லோவில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் வரைபடப் பிரிவில் இருந்தேன். தண்ணீர்க் குழாய், கழிவுநீர், அணைக்கட்டு என்று பெரிய பொறியியலாளர்கள் கிறுக்கித் தருவதைக் கணினியில் ஒழுங்காகக் கீறிக் கொடுப்பது எங்கள் வேலை. அந்த நிறுவனத்தைத் தேடித்தான் பாலைவனத்திலிருந்து ஒரு நகரம் வந்தது. நகரம் வந்தது என்று தெரிந்துதான் சொல்கிறேன். அதன் சார்பில் ஆட்கள் வந்தார்கள், பேரீச்சம்பழப் பெட்டிகள் வந்தன, கடைசியில் அந்த நகரமே எங்கள் சாப்பாட்டறைச் சுவரில் வந்து குந்திவிட்டது.

அவர்களுடைய சிக்கல் இதுதான். நகரம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. அகன்ற தெருக்கள் போட்டாயிற்று, மணலுக்கு நடுவில் ஏரி வெட்டியாயிற்று, அலுவலகக் கோபுரங்கள் வரிசையாக எழுப்பியாயிற்று. ஆனால் அத்தனை பேருக்கும் வேலை கொடுக்கக்கூடிய பெரிய நிறுவனம் ஒன்றுகூட வரவில்லை. ஒரு பெரிய பெயர் வந்தால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள், அந்த முதல் பெயருக்காகத்தான் உலகம் சுற்றுகிறோம் என்று வந்தவர்கள் ஒளிக்காமலே சொன்னார்கள். வாடகை வேண்டாம், வரி வேண்டாம், வந்தால் போதும். எனக்கு, வரன் வராத வீட்டில் வாசலுக்குப் புது வர்ணம் அடித்து வைத்திருப்பது நினைவுக்கு வந்தது.

போகும்போது அவர்கள் சுவரில் ஒரு பெரிய திரையைப் பொருத்திவிட்டுப் போனார்கள். எங்களுக்கென்று ஒதுக்கிய கோபுரத்தில் ஒரு மாடியை அது இரவும் பகலும் நேரடியாகக் காட்டும். நீண்ட மண்டபம். வரிசை வரிசையாக மேசைகள். பின்னால் தரையிலிருந்து கூரை வரைக்கும் யன்னல், அதற்கு அப்பால் மணல். வலப்பக்கம் ஒரு கண்ணாடிக் கதவு. மண்டபத்தின் பாதியில் ஏற்கெனவே ஓர் ஆலோசனை நிறுவனம் இயங்குகிறது, நீங்கள் தனியாக இருக்க மாட்டீர்கள் என்றார்கள். உண்மையாகவே வெள்ளைச் சட்டை போட்ட ஆண்கள் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்து கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சத்தம் வராது. படம் மட்டும்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, நாங்கள் பேப்பரில் சுற்றிய பாணையும் மண்ணிறச் சீஸையும் தின்றுகொண்டு அந்த வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மதியத்தில் அந்த மஞ்சள் வெளிச்சம் எங்கள் முகங்களில் விழும். பக்கத்து மேசைக்காரி, ஓய்வு பெறக் காத்திருந்த நோர்வேஜியப் பெண், திரைக்குத் தினமும் கையசைப்பாள். ஒருவரும் திருப்பி அசைத்ததில்லை. அவர்களுக்கு எங்களைத் தெரியாது, அங்கே கமரா மட்டும்தான் இருக்கிறது என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்க மாட்டாள். நான் அவளைப் பகிடி பண்ணுவேன்.

எனக்குப் பகிடி வராத விஷயம் ஒன்று இருந்தது. ஒப்பந்தம் முடிந்தால் வரைபடப் பிரிவு முழுவதும் அங்கே போகும். போக விரும்பாதவர்கள் வேறு வேலை தேட வேண்டும். மகள் பக்கத்துக் குரோருட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டிய, நோர்வேஜியத்தை இன்னும் யாழ்ப்பாணத்து ராகத்தில் இழுக்கிற எனக்கு ஒஸ்லோவில் இன்னொரு கதிரை கிடைப்பது லேசில்லை. ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, முதலாம் வகுப்பிலிருந்து இந்த நாட்டைப் படித்தவள் நான். இன்னொரு தரம் ஏலாது. வீட்டில் சொன்னேன்.

"உந்தக் குளிருக்கு அது பரவாயில்லைத்தானே. போய்ப் பாப்பம்," என்றார் கணவர்.

"நீங்கள் போங்கோ. நான் இஞ்சைதான்."

"வேலை போனால் என்ன செய்யிறது?"

"அதைத்தான் நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. நல்லவர்களோடு சண்டை பிடிப்பதுதான் கஷ்டம். ஒருநாள் கோப்பியோடு என் மேசைக்கு வந்து, "உங்களுக்கு அங்கே சொந்த ஊரில் இருப்பதுபோல இருக்கும்," என்றார். வெயில் அடித்தால் எல்லா ஊரும் ஒன்று என்று அவருக்கு நினைப்பு. எங்கள் ஊரில் கிணறு இருந்தது, வேலியில் முருங்கை நின்றது என்று சொல்ல வாய் உன்னியது. தலையாட்டிவிட்டு வரைபடத்துக்குத் திரும்பினேன்.

அதற்குப் பிறகுதான் அந்தத் திரையை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன். முதலில் கண்ணில் பட்டது, மண்டபத்தில் ஒருவரும் சிரிப்பதில்லை. எழுந்து போய் இன்னொருவர் மேசையில் சாய்ந்து நின்று கதைப்பதில்லை. கோப்பிக் குவளை இல்லை, கடதாசி இல்லை, யாரும் யாரையும் தேடுவதில்லை. குனிந்த தலை குனிந்தபடி விரல்கள் மட்டும் அசைந்துகொண்டிருக்கும். பிறகு எல்லோரும் ஒன்றாக எழுந்து கமராவுக்குத் தெரியாத பக்கமாகப் போவார்கள்.

பிறகு சப்பாத்தைக் கண்டேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, சுவரோரமாக, ஒரே மாதிரியான கறுப்புச் சப்பாத்துகள் சோடி சோடியாக இருந்தன. பார்த்ததும் சிரித்துவிட்டேன். நம்மட ஆக்கள். வேறு யார் இப்படிக் கழற்றி வைப்பார்கள்? முகங்களை உற்றுப் பார்த்தேன். நெற்றி, மீசை, தலை சீவிய விதம் எல்லாம் தெரிந்தவைதான். பக்கத்து மேசைக்காரியிடம் பெருமையாகவே சொன்னேன். அவள் போய் மேலாளரிடம் சொல்ல, அவரும் வந்து பார்த்து மகிழ்ந்து போனார். "அலுவலகத்துக்குள்ளும் சப்பாத்தைக் கழற்றுகிறார்கள். வீட்டில் நாங்கள் செய்வதுபோல," என்றார்.

வீடு என்ற சொல் எனக்குள் போய் இடறியது. நாங்கள் கோயிலில் கழற்றுவோம், வீட்டில் கழற்றுவோம். அலுவலகத்தில் எந்தத் தமிழன் கழற்றுகிறான்? நான் கழற்றுகிறேனா? சாப்பிட்டு, படுத்து, எழும்புகிற இடத்துக்கு வெளியேதான் சப்பாத்துக் கிடக்கும். அவர்கள் அந்த மண்டபத்தில் வேலை செய்யவில்லை, குடியிருக்கிறார்கள். யாரோ சட்டையைச் சரி பார்த்திருக்கிறார்கள், கழுத்துப்பட்டியைச் சரி பார்த்திருக்கிறார்கள். கால்களை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

அன்று பின்னேரம் தேநீர் எடுக்கப் போனேன். ஒஸ்லோ இருண்டுகொண்டிருந்தது. அங்கேயும் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே இருட்ட இருட்ட, அவர்களுக்குப் பின்னால் இருந்த பெரிய யன்னல் முகம் பார்க்கும் கண்ணாடியாக மாறியது. அதில் அவர்களின் முதுகுகள் தெரிந்தன. முதுகுகளுக்கு அப்பால், அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த கணினித் திரைகள் தெரிந்தன. எல்லாம் கறுப்பு. ஒன்றில்கூட வெளிச்சம் இல்லை. செத்த திரைகளுக்கு முன்னால் விரல்கள் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தன. தேநீரை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால், வேலை போகிற பயத்தில் இவள் கதை கட்டுகிறாள் என்பார்கள். கொஞ்ச நாளில் மேலாளரே வழி திறந்துவிட்டார். முடிவு எடுக்கமுன் அந்த மண்டபத்தோடு ஒரு காணொளிக் கூட்டம் வைத்தார். அன்று மட்டும் அவர்கள் எங்களைப் பார்க்கலாம், குரலும் கேட்கும். அங்கிருந்து நகரத்தின் பிரதிநிதி ஆங்கிலத்தில் அழகாகக் கதைத்தார். முடிவில் மேலாளர் என்னைக் காட்டி, இவருடைய மொழிக்காரர் உங்களிடம் இருக்கிறார்கள் போலிருக்கிறது, ஒருவரோடு கதைக்கட்டுமே என்றார். பிரதிநிதி கொஞ்சம் தயங்கினார். பிறகு முன்வரிசையில் இருந்த ஒருவரைக் கூப்பிட்டுக் கமராவுக்கு முன்னால் நிறுத்தினார். முப்பது வயதை ஒட்டிய ஆள். சட்டை கழுத்தில் பெரிதாக இருந்தது.

"தம்பி, உங்கையே படுத்தெழும்புறனீங்கள்?" என்று கேட்டேன்.

"என்ன மேடம்? புரியல."

தமிழ்நாட்டுக்காரர். நான் எனக்குத் தெரிந்த சினிமாத் தமிழுக்கு மாறினேன். "நீங்க அங்கேயேதான் தங்கியிருக்கீங்களா?"

அவர் பல் தெரியச் சிரித்தார். "சிரிச்சுக்கிட்டே கேளுங்க மேடம். இவருக்குத் தமிழ் தெரியாது, ஆனா மூஞ்சியைப் பாப்பாரு."

நானும் சிரித்தேன்.

"நாங்க இந்த பில்டிங் கட்ட வந்தவங்க. கட்டி முடிஞ்சிருச்சு. கம்பெனி எதுவும் வரல, எங்களுக்கும் வேலை இல்ல. சட்டையக் குடுத்து உக்கார வச்சிருக்காங்க. ராத்திரி இங்கயேதான் படுக்கிறோம். ஒரு பெரிய கம்பெனி வந்துட்டா எல்லாருக்கும் இங்கயே வேலைன்னு சொல்லியிருக்காங்க." சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் நகராமல் என்னையே பார்த்தது. "வருவீங்கல்ல அக்கா?"

மேடம் போய் அக்கா ஆகிவிட்டேன். நான் பதில் சொல்லமுன் பிரதிநிதி அவர் தோளில் தட்டி அனுப்பிவிட்டார்.

"என்ன சொன்னார்?" என்று மேலாளர் நோர்வேஜியத்தில் கேட்டார். அறை முழுவதும் என்னைப் பார்த்தது. திரையில் பிரதிநிதியும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழும் தெரியாது, நோர்வேஜியமும் தெரியாது, முகம் மட்டும்தான் தெரியும். அதனால் நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அங்கே நிறுவனம் எதுவும் இல்லை. அவர்கள் கட்டடத் தொழிலாளர்கள். நாங்கள் வருவதற்காக உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். கணினிகள் ஓடவில்லை. வேண்டுமானால் இருட்டியதும் யன்னலைப் பாருங்கள்.

பக்கத்து மேசைக்காரியின் கை குவளையோடு பாதியில் நின்றது. மேலாளர் கெட்டிக்காரர். அவரும் சிரிப்பை இறக்காமல் தலையாட்டினார், நன்றி சொன்னார், தொடர்பைத் துண்டித்தார். பிறகுதான் அவர் முகம் வெளுத்ததைக் கண்டேன்.

நிறுவனம் போகவில்லை. என் கதிரை எனக்கு மிஞ்சியது. நான் சொன்னது சரிதான், இன்னொரு தரம் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் திரையை யாரும் கழற்றவில்லை. அதைக் கொண்டுவந்தவர்கள் பிறகு தொடர்புகொள்ளவே இல்லை. அது எங்கள் சுவரில் எரிந்துகொண்டே இருந்தது. நான் முதுகைக் காட்டி இருந்து சாப்பிடப் பழகினேன். என்றாலும் எழும்பிப் போகும்போது கண் தானாகக் கதவடிக்குப் போய்விடும். சப்பாத்துகள் குறைந்துகொண்டு வந்தன. சப்பாத்துக் குறைந்த அளவுக்கு மேசைகளில் ஆட்களும் குறைந்தார்கள். எங்கே அனுப்பினார்கள், வேறு வேலை கொடுத்தார்களா, ஊருக்கு ஏற்றிவிட்டார்களா, ஒன்றும் தெரியாது. கேட்பதற்கும் ஆள் இல்லை.

பங்குனி மாதம், பனி கரையத் தொடங்கிய நேரம், கட்டடப் பராமரிப்பாளர் ஏணியோடு வந்தார். சாப்பாட்டறையில் நான் மட்டும்தான் இருந்தேன். திரையில் மண்டபம் வெறுமையாக இருந்தது. மேசைகள், கதிரைகள், மணல். ஒரு தலையும் இல்லை.

"ஆளில்லாத அறைக்கு மாதக்கணக்கில் மின்சாரம்," என்று சொல்லிக்கொண்டே அவர் ஏணியில் ஏறினார்.

நான் கதவடியைப் பார்த்தேன். சுவரோரமாக ஒரு சோடிச் சப்பாத்து இருந்தது. நுனிகள் சுவரைப் பார்க்க, ஒழுங்காக, பக்கத்தில் பக்கத்தில்.

"ஒருத்தர் உள்ளே இருக்கிறார்," என்றேன்.

அவர் மரியாதையாகத் திரும்பித் திரையைப் பார்த்தார். மூலை மூலையாகத் தேடினார். "எங்கே?"

என்னால் காட்ட முடியவில்லை. கமராவுக்குப் பிடிபடாத எந்தப் பக்கத்தில் அவர் படுத்திருக்கிறார், எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? சப்பாத்து வெளியே கிடக்கிறது என்றால் ஆள் உள்ளே என்பதை ஒரு நோர்வேஜியனுக்கு எந்த மொழியில் விளங்கப்படுத்துவது? பக்கத்து மேசைக்காரி குளிர்காலம் முழுதும் செய்ததை நானும் செய்தேன். கையைத் தூக்கி அசைத்தேன்.

அதற்குள் அவர் வயரைப் பிடுங்கிவிட்டார். கறுத்துப்போன திரைக்குள்ளிருந்து ஒரு கை எனக்குத் திரும்பக் கையசைத்தது. அது என்னுடையதுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கையை இறக்க எனக்குப் பயமாக இருந்தது.