முற்றத்து வெயிலும் ஈர நாயும்

நெல்வாவுக்குக் காலும் நிற்காது, வாயும் நிற்காது. மலைமேல் நகரமான எல் ஆல்ட்டோவின் தெருக்களில் மினிபஸ் படியில் தொங்கிக்கொண்டு, "சேஹா, சேஹா, சேஹா! ரெண்டு பேர் உட்காரலாம், ஒல்லியா இருந்தா மூணு பேர்!" என்று வண்டி போகும் இடத்தைக் கத்தி ஆள் கூப்பிடுவதுதான் அவள் பிழைப்பு. சாப்பிடுவதுகூட நின்றபடிதான். அப்படிப்பட்டவளை ஆகஸ்ட் மாதம் ஒரு மத்தியானம் ஒரு நாய் உட்கார வைத்துவிட்டது.

அவள் வளர்க்கும் அந்த நாயின் பெயர் சுன்யோ. பனியிலும் வெயிலிலும் போட்டுக் காயவைத்த உருளைக்கிழங்குக்கு அங்கே அதுதான் பெயர். இதுவும் அதே கறுப்பு, அதே சுருக்கம். காலையில் சந்தை மீன் கழிவில் ஆசைதீரப் புரண்டுவிட்டு வந்து, எல்லாரும் மரியாதையாக டோன்யா என்று கூப்பிடும் வீட்டுக்காரி பாஸ்குவாலாவின் வாசலில் படுத்துக்கொண்டது.

"சாயங்காலத்துக்குள்ள நாத்தம் போகணும். இல்லன்னா நாய் போகணும். நாய் போகாதுன்னா நீயும் கூடவே கிளம்பு!" என்றாள் வீட்டுக்காரி.

நெல்வா அறைக்குள் போய் இடுப்பில் கைவைத்து, மூக்கால் இழுத்து, அதை அப்படியே நாய்க்குச் சொல்லிக் காட்டினாள். சுன்யோ குரைத்தது. ஆனாலும் நாயோடு வருகிறவளுக்கு வேறு யார் அறை தருவார்கள்?

வெந்நீர் விளாவி, பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். இருந்த ஒரே துண்டும் நனைந்தது. நாய் காயவில்லை. வெயிலில் சுடுகிற ஊர், நிழலில் நடுக்கும். நிழலில் விட்டால் கிழட்டு நாய் இருமும். அவிழ்த்து விட்டாலோ, அடுத்த நொடி மண்ணில் புரளும். மடியில் பிடித்துக்கொண்டு வெயிலில் உட்கார்வதைத் தவிர வழியில்லை.

உட்கார்ந்தாள். முழங்கால் ஆடியது. முற்றத்து வெயில் நகர, இவளும் முக்காலியை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, சுவரோரம். போன் அடித்தது. டிரைவர் ரூஃபோ.

"எங்கம்மா இருக்க? வண்டி காலியா நிக்குது!"

"நாய் காயுது, டோன் ரூஃபோ."

"நாய் காயட்டும். நானும் இங்க காயணுமா? வாசலுக்கு வரேன், ஏறு!"

கடைசி வெயில் வீட்டுக்காரியின் வாசற்படியில் மட்டும் மிச்சமிருந்தது. அங்கே அவள் முட்டிகளை நீட்டிப்போட்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க எதுக்கு வந்த?"

"நான் எங்க வந்தேன், டோன்யா? வெயில் வந்துச்சு, பின்னாடியே வந்துட்டேன்."

"மத்தியானம் உன் ரூமுல யாரோ என் குரல்ல பேசினாங்களே. நான் அவ்வளவு மூக்காலயா பேசுறேன்?"

நெல்வா குனிந்து நாயின் காதுக்குள் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாள். வெளிவாசலில் ரூஃபோவின் ஹாரன் அலறியது. அவள் பாதி எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

வீட்டுக்காரி குனிந்து நாயை மோந்து பார்த்தாள். அடிவயிற்றைத் தொட்டாள். "முதுகுல மீன் வாடை போயிடுச்சு. இங்க இன்னும் ஈரம். இப்படியே விட்டா ராத்திரி மறுபடியும் நாறும்." சால்வையை மடியில் விரித்தாள். "கொண்டா இப்படி. முட்டிக்கும் சூடா இருக்கும்."

"நாய் இருக்கலாமா, டோன்யா?"

"காயட்டும் முதல்ல. போடி, அவன் ஹாரனை உடைச்சிடப் போறான்!"

நெல்வா ஓடினாள். வெளிக்கதவைச் சாத்தும்போது முதுகுக்குப் பின்னால் சன்னமாக ஒரு குரல். அது நெல்வாவுடைய குரலேதான், கொஞ்சம் மூக்கால்:

"சேஹா, சேஹா... நகர்ந்து உட்காருப்பா. ஒல்லியா இருந்தா மூணு பேர்!"