கம்பைநல்லூரின் ஆயில் எஞ்சின் யானை

மொரப்பூரிலிருந்து வந்த பஸ் கம்பைநல்லூரில் ரேடியேட்டர் ஒழுகி நிற்கிறது. மூன்று மணி நேரமாக நானும் ஒழுகிக்கொண்டு நிற்கிறேன், எனக்கு வியர்வை. நிழல் தேடி ஒரு வெல்டிங் பட்டறைக்குள் நுழைந்தால், உள்ளே யானை நிற்கிறது.

டீசல் டிரம்மை வெட்டிய உடம்பு, லாரி மட்கார்டில் காது, வயிற்றுக்குள் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின். மாரியம்மன் திருவிழாவுக்காகப் பட்டறைக்காரர் கரீம் பாய் ஆறு மாதமாகச் செய்தது. விழாக் கமிட்டித் தலைவர் பார்க்க வந்திருக்கிறார்.

"தும்பிக்கையத் தலையில வெச்சு ஆசீர்வாதம் பண்ணுமா பாய்? பண்ணலன்னா ஊர்வலத்துக்கு வேணாம். நாலு ஊரு சிரிக்கும்."

"சூப்பரா பண்ணும்ங்க." பாய் என் பக்கம் திரும்புகிறார். "சார், சும்மாதான நிக்கறீங்க, கொஞ்சம் தலையக் குடுங்க."

வேறெதற்கும் உதவாத தலை. குனிகிறேன்.

பாய் கைப்பிடியைச் சுழற்றுகிறார். நாலாவது சுற்றில் எஞ்சின் பிடித்துப் பட்டறையே அதிர்கிறது. சைக்கிள் செயின் இழுக்க, தும்பிக்கை உயர்ந்து, பூப்போல என் தலையில் இறங்குகிறது. எஞ்சினின் புகைக்குழாயைப் பாய் தும்பிக்கை வழியாகத்தான் விட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிகிறது.

நிமிர்கிறேன். முகமெல்லாம் கரி. பாய் மூச்சு விடாமல் தலைவரைப் பார்க்கிறார். தலைவர் என்னைப் பார்க்கிறார்.

"ஏங்க, சூடு அடிக்குதுங்களா?"

உச்சந்தலை கொதிக்கிறது. பாயின் முகத்தையும் பார்க்கிறேன்.

"இதமா இருக்குதுங்க" என்று இருமுகிறேன்.

தலைவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுகிறார். வெள்ளைச் சட்டையோடு யானைமுன் பயபக்தியாகக் குனிகிறார்.

"எனக்கும் வெக்கச் சொல்லுங்க பாய்."

நான் மெதுவாக வாசல் பக்கம் நகர்கிறேன்.